குணரத்தினம் இறங்கிக்கொண்டிருக்கிறார்

நோர்வே நாட்டின் வடகோடியில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் நெருக்குப்பட்டுக் கிடக்கும் லோம்விக் என்ற ஊரில், குணரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து மனிதர் ஒரு மாசி மாதத்துப் புதன்கிழமை பின்னேரம் ஏழு இருபதுக்கு மலையுச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். ஏழு பனிக்காலம் போன பிறகும் அவர் அடிவாரத்துக்கு வந்து சேரவில்லை. அவர் தொலைந்து போகவில்லை, விழுந்து எலும்பை முறிக்கவில்லை, பனிக்குள் புதைந்து போகவுமில்லை. மீன் ஆலையில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பாரம் ஏற்றிய சைக்கிளை இறக்கத்தில் விடுகிறவர் போல முழங்காலை மடக்கிக்கொண்டு, ஊரில் உள்ள எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் இறங்கிக்கொண்டேதான் இருந்தார். இதை யாரும் அதிசயம் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. அதற்கு நேரம் ஏது? அவர் வந்து சேரும்வரை செய்யவேண்டிய வேலையே தலைக்கு மேல் கிடந்தது.

அந்தச் சறுக்குமலைக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. ஊரின் நூற்றி நாற்பது வீடுகளுக்கும் அது சொந்தம், நூற்றி நாற்பது வீடுகளும் அதற்கு உழைக்கவேண்டும். சறுக்க வருகிறவர்களை மேலே இழுத்துப் போகும் இழுவைக் கயிற்றை ஓட்டுவது, பன்னிரண்டு விளக்குக் கம்பங்களுக்கும் பல்ப் மாற்றுவது, அடிவாரக் குடிலில் கோப்பி ஊற்றுவது எல்லாவற்றையும் வீட்டுக்கு ஒருவர் என்று முறைத்தாளில் பெயர் எழுதி, கூலியில்லாமல் செய்வார்கள். அதை அவர்கள் டுக்னாட் என்றார்கள். மீன் வெட்ட வந்து அந்தக் குளிரில் வேர்விட்ட பதினொரு தமிழ்க் குடும்பங்களும் அதைச் சிரமதானம் என்று விளங்கிக்கொண்டு, பனியைப் பார்த்தாலே நடுங்கிய கால்களுக்கு ஸ்கி என்ற சறுக்குப்பலகையைக் கட்டி விழுந்து எழும்பிப் பழகி, குடிலில் கோப்பியோடு மீன் ரோல்ஸும் விற்கத் தொடங்கின பிறகு, ரோல்ஸுக்காகவே மலைக்கு வருகிறவர்களும் உண்டானார்கள்.

மலையைப் பூட்டுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அன்றைக்கு முறை வந்த வீட்டுக்காரர் எல்லோரும் இறங்கின பிறகு, ஒருவரும் விழுந்து கிடக்கவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு கடைசியாக இறங்கவேண்டும். அவர் அடிவாரக் குடிலுக்கு வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விளக்குகளை அணைக்கலாம், கயிற்றை நிறுத்தலாம். மலை உண்டான நாளிலிருந்து இந்த ஒழுங்கை ஒருவரும் மீறினதில்லை; அந்த ஊர்ச்சனம் கடவுளைக்கூட ஒரு நாள் மறக்கும், முறைத்தாளை மறக்காது.

அந்தப் புதன்கிழமை முறைத்தாளில் இருந்த பெயர் குணரத்தினம் அல்ல, அவருடைய மனைவி தவமலர். ஆனால் அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு இடுப்பு நொந்தது.

"ஏலாமக் கிடக்குதப்பா. எனக்குப் பதிலா நீங்கள் ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்றாள்.

"அதுக்கென்ன. நீர் படும், நான் போட்டு வாறன்" என்று சொல்லி, அவர் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பத்து வயது மகள் தர்சினி யன்னலால் கை காட்டினாள்.

இடுப்பு நோகவில்லை. சென்னையிலிருந்து ஒஸ்லோ வழியாக ஒரு படக் கசெட் வந்து பதினொரு வீட்டையும் சுற்றிக்கொண்டிருந்தது, மறுநாள் காலையில் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும், தவமலர் இன்னும் பாதிப் படம் பார்க்கவில்லை. கதை அவ்வளவுதான். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, அந்தப் படத்தின் மிச்சத்தை இன்றுவரை பார்க்கவுமில்லை.

முதல் விளக்குக் கம்பம்வரை குணரத்தினம் மற்றவர்களைப் போலத்தான் இறங்கினார், இரண்டாவது கம்பத்தில் கொஞ்சம் மெதுவானார், மூன்றாவதில் இன்னும் மெதுவானார். எட்டு மணியாகியும் ஆள் வராததைக் கண்ட ஒட்வார், மலைச்சங்கத்தின் தலைவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்ந்தவர், கயிற்றைப் பிடித்து மேலே போய்ப் பார்த்தார். குணரத்தினம் நாலாவது கம்பத்தடியில் வந்துகொண்டிருந்தார். ஸ்கிக்குக் கீழே பனி சரசரத்தது, முகத்தில் காற்று அடித்தது, கோட்டு பின்பக்கம் உப்பியிருந்தது, ஆனால் ஆள் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தார். "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று நோர்வீஜியனில் மரியாதையாகச் சொன்னார். ஒட்வார் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் திரும்பிப் பார்த்தால் பிடித்த கையைக் காணவில்லை, உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. குணரத்தினம் விட்ட இடத்திலேயே நாலாவது கம்பத்தடியில் வந்துகொண்டிருந்தார். தீயணைப்புப் படை படுக்கையில் வைத்துக் கட்டி இறக்கிப் பார்த்தது, படுக்கைதான் வந்தது. தமிழ் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து தேர்வடம் போலக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள், கயிறுதான் வந்தது. மூன்றாம் நாள் எல்லோரும் கைவிட்டு, அவர் தன்பாட்டில் வரட்டும் என்று தீர்மானித்தார்கள்.

தவமலரும் மேலே போனாள். இருந்தும் விழுந்தும் அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, "இஞ்சேருங்கோ, பிள்ளை தேடுறாள். வாங்கோ வீட்டை" என்று அழுதாள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீர் போம் தவம், நான் வாறன்."

கடைசியாக இறங்குகிறவர் வந்து சேரவில்லை என்றால் விளக்கை அணைக்கக்கூடாது, ஆகவே லோம்விக் விளக்கை அணைக்கவில்லை. கயிற்றை நிறுத்தக்கூடாது, ஆகவே நிறுத்தவில்லை. மின்சாரம் நின்றுபோன மூன்று புயல்களின்போதும் ஊர் முழுக்கத் திரண்டு சக்கரத்தைக் கையால் சுற்றியது, மதகுருவும் பொலிஸ்காரரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுற்றினார்கள். வைகாசியில் வெயில் வந்து பனி உருகத் தொடங்கியபோது, அவருடைய ஸ்கிக்குக் கீழே புல் வந்துவிட்டால் மனிதர் எப்படிச் சறுக்குவார் என்று பயந்து, வடக்குப் பள்ளத்தில் கிடந்த பழம்பனியை வீட்டுக்கு இருபது வாளி என்று அள்ளி வந்து, அவருக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குப் போட்டு, மரத்தூளால் மூடி, அவர் வர வர மூடலை விலக்கிக் கொடுத்தார்கள். சுற்றிலும் மஞ்சள் பூ பூத்துக் கிடக்க, ஆடுகள் மேய, நடுவில் ஒரு வெள்ளைப் பாதையில் மழைக்கோட்டோடு ஒரு மனிதர் இறங்கிக்கொண்டிருப்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே பார்த்து வளர்ந்தார்கள். சறுக்கிப் போகிற பிள்ளைகள் அவரைக் கடக்கும்போது "ஹெய், குணா" என்பார்கள். அவர் தலையாட்டுவார். போன கிழமை போன பிள்ளைக்கு இந்தக் கிழமை தலையாட்டுவார்.

அரசாங்கத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற ஆளைக் காணாமல் போனவர் என்று எழுத முடியாது என்று பொலிஸ் சொன்னது, மூச்சு விடுகிற ஆளுக்குச் சாவுப் பத்திரம் தரமுடியாது என்று ஆஸ்பத்திரி சொன்னது, வேலைக்கு வராத ஆளை வேலையில் இருப்பவராகக் காட்ட முடியாது என்று ஆலை சொன்னது. கடைசியில் நகரசபை ஒரு புதுப் படிவம் அச்சடித்து, அதில் "வழியில் இருப்பவர்" என்று ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டுக் கொடுத்தது. அந்தப் படிவம் நாட்டிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயன்பட்டது. மதகுரு ஞாயிறுதோறும் கடலில் போனவர்களுக்காகச் செய்கிற செபத்தில் குணரத்தினத்தின் பெயரையும் சேர்த்தார்.

தமிழ் வீடுகளுக்குத்தான் கட்டம் போடத் தெரியவில்லை. தவமலர் பொட்டு வைத்தாள், தாலி போட்டிருந்தாள், அதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு கலியாணவீட்டில் அவள் குங்குமச் செப்பை நீட்டியபோது, மணமகளின் தாய் எடுக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம்தான், பிறகு எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு கணத்துக்குப் பிறகு தவமலர் நல்ல காரியங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"அவர் வாறார்தானே, பிறகென்ன உமக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா வந்து பேசினாள். "என்ரை மனுசன் பதினொரு வருசமா என்ரை வீட்டுக் கதிரையிலைதான் இருக்கிறார். ஒரு நாள் என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை."

"வாறது வேறை அக்கா, வந்து சேர்றது வேறை" என்றாள் தவமலர்.

தர்சினி பெரிய பிள்ளையானபோது, தகப்பன் பார்க்கட்டும் என்று சாமத்தியவீட்டை மலையடிவாரத்திலேயே வைத்தார்கள். பனிக்குமேல் பாய் விரித்து, பிள்ளைக்குச் சேலைக்குமேல் குளிர்க்கோட்டுப் போட்டு, ஐயர் இல்லாத ஊரில் தமிழ் வீடுகளுக்கு மூத்தவரான தம்பையா மாஸ்டர் மந்திரம் மாதிரி ஏதோ சொல்ல, ஆராத்தி எடுத்தார்கள். காற்று கர்ப்பூரத்தை ஐந்து தரம் அணைத்தது, ஐந்து தரமும் ஒட்வார் தன்னுடைய லைட்டரால் கொளுத்திக் கொடுத்தார். குணரத்தினம் அப்போது எட்டாவது கம்பத்தைத் தாண்டியிருந்தார். அவருடைய கண் பிள்ளையின் பக்கம் திரும்பி முடிய ஆறு நாள் எடுத்தது. அதற்குள் பாயைச் சுருட்டி, பலகாரத்தைப் பங்கிட்டு, ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறாம் நாள் தவமலர் பிள்ளையை மறுபடி சேலை கட்டி அதே இடத்தில் நிறுத்தினாள். அவர் பார்த்தார் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு அவர் மெதுவாகிக்கொண்டு வந்தார். முதல் பனிக்காலத்தில் முந்நூறு மீற்றர் வந்தார், அடுத்ததில் நூற்றைம்பது, அதற்கடுத்ததில் எழுபத்தைந்து. ஒட்வார் ஒவ்வொரு பங்குனி முடிவிலும் ஒரு பூர்ச்சமரக் குச்சியை நட்டு அளந்தார். பேச்சும் அப்படியே இழுபட்டது. மூன்றாம் வருஷம் "நீர் போம் தவம்" என்று சொல்ல ஒரு முழு நாள் ஆனது. ஐந்தாம் வருஷம் ஒரு கிழமை. தவமலர் ஆலை வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் மேலே போய், பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய வாயிலிருந்து வருகிற அன்றைய எழுத்தைக் கேட்டுவிட்டு இறங்குவாள். அவருக்கு நரைக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஏறினவர் நாற்பத்தாறிலேயே இருந்தார். அவளுக்குத்தான் நரைத்தது.

அதற்கிடையில் ஊர் தேய்ந்தது. மீன் கரையை விட்டு விலகிப் போயிற்று, ஆலை மூடுண்டது, வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவில் பலகை அடித்துக்கொண்டு தெற்கே போயின. பதினொரு தமிழ்க் குடும்பம் மூன்றானது. நூற்றி நாற்பது வீட்டு முறைத்தாளில் ஐம்பத்திரண்டு வீடுதான் மிஞ்சியது. முன்பு மாதத்துக்கு ஒரு முறை வந்த முறை, இரவும் பகலும் ஆள் வேண்டியிருந்ததால், இப்போது கிழமைக்கு மூன்று தடவை வந்தது. சூரியனே எழும்பாத மார்கழியிலும் கயிறு வெறுமையாகச் சுற்ற, யாராவது ஒருவர் கயிறு முடிகிற உச்சியில் இருந்த மேல்குடிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரும் முறையை மறுக்கவில்லை. தவமலரைக் கடையில் கண்டால் எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள், ஆனால் கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பெல்லாம் தன்னால்தான் என்று அவளுக்குத் தோன்றும். பாலை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிடுவாள்.

எட்டாவது பனிக்காலத்தில், தை மாதத்தில், மேல்குடிலில் முறைக்கு இருந்த ஒட்வாரின் தம்பி, முறை மாற்ற வந்தவர்கள் கதவைத் திறந்தபோது நாற்காலியிலேயே விறைத்துப் போயிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கையில் கோப்பிக் குவளை அப்படியே இருந்தது. செத்தவீட்டுக்குத் தவமலர் போனாள். ஒட்வார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒட்வார் கரும்பலகையில் ஏழு இலக்கங்களை எழுதினார். ஆண்டுக்கு ஆண்டு பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. போன வருஷம் வந்தது ஐந்து மீற்றர்கூட இல்லை. இன்னும் இருநூறு மீற்றர் கிடக்கிறது. இப்படியே போனால் மனிதர் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருப்பார், ஆனால் ஒரு நாளும் வந்து சேரமாட்டார் என்று, கணக்கு வாத்தியார் சொல்லும் குரலில் இல்லாமல், மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பிறகு சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "மலையைப் பூட்டவேண்டுமானால் கடைசியாக இறங்குகிறவர் கையெழுத்துப் போடவேண்டும். அவர் இல்லாவிட்டால் முறை வந்த வீட்டுக்காரர் போடலாம். அன்றைக்கு முறைத்தாளில் இருந்த பெயர் உன்னுடையது, தவா. நீ போடாவிட்டால் நாங்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருப்போம். அதில் மாற்றமில்லை" என்றார்.

ஐம்பத்திரண்டு வீடும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த ஊரின் மரியாதை.

தவமலர் இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தர்சினிக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது. துறொம்சோ நகரத்தில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் மூன்று மாதமாகக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிக் கிடந்தது.

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"நான் என்னத்தைச் சொல்ல?" தர்சினி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு அப்பான்ரை முகம் தெரியும். குரல் மறந்து போச்சம்மா. அவர் ஒரு எழுத்துச் சொல்லேக்கை நான் ஒரு வகுப்பு ஏறிப் போயிடுறன்."

"அப்ப போடவோ?"

"நீங்கள் நித்திரை கொண்டு ஏழு வருசம் அம்மா." கத்தியை வைத்துவிட்டு அவள் அழுதாள். "நான் உங்களை இப்பிடி விட்டிட்டுப் போகமாட்டன். நீங்களும் அவரை விட்டிட்டு வரமாட்டியள். அப்ப ஆர்தான் எங்கை போறது?"

மறுநாள் மத்தியானம் தவமலர் கயிற்றைப் பிடித்து மேலே போனாள். மீன்பெட்டியில் உட்காரவில்லை, அவருக்கு முன்னால் பனியில் முழங்காலில் இருந்தாள். ஐப்பசியில் தொடங்கிய "நீர்" அவருடைய உதட்டில் இன்னும் முடியாமல் நின்றது. தான் மலையைப் பூட்டப் போவதை அவருக்குச் சொன்னாள். பிறகு, ஏழு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாததையும் சொன்னாள்.

"அண்டைக்கு எனக்கு இடுப்பு நோகேல்லையப்பா. கசெட்டிலை படம் பாக்கத்தான் உங்களை விட்டனான்."

காற்று கொஞ்சம் அடித்தது. நெடுநேரம் காத்திருந்த பிறகு அவருடைய புருவத்தில் ஓர் அசைவு தொடங்குவதை அவள் கண்டாள். அது சிரிப்பதற்கான அசைவா, வெறுப்பதற்கான அசைவா என்று தெரிய சித்திரை மட்டும் பார்த்திருக்க வேண்டும். அவளிடம் சித்திரை இல்லை. அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திவிட்டு, எழும்பி, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். ஒட்வார் முதலில் கயிற்றை நிறுத்தினார். ஏழு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமல் போன அந்த இரைச்சல் நின்றவுடன், ஊர்நாய்கள் எல்லாம் குரைத்தன. பிறகு பன்னிரண்டு விளக்குகளையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அந்த மனிதர் இருளுக்குள் போவதைப் பார்ப்பது அவமரியாதை என்று ஐம்பத்திரண்டு வீட்டுச் சனமும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, கடைசி விளக்கும் அணைந்த பிறகு வீட்டுக்குப் போனது. அடிவாரக் குடிலைப் பூட்டினார்கள். யாரையாவது அங்கே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தமிழ் வீடுகள் மூன்றும் தவமலரின் வீட்டுக்கு வந்தன.

"இனிச் செய்ய வேண்டியதை முறைப்படி செய்யோணும் பிள்ளை" என்றார் தம்பையா மாஸ்டர். அவர் அந்த வார்த்தைகளைச் சொல்ல ஏழு வருஷமாகக் காத்திருந்தவர் போலவும் இருந்தார், சொல்ல வந்துவிட்டதே என்று மனம் உடைந்தவர் போலவும் இருந்தார். கடவுச்சீட்டுக்கு எடுத்த குணரத்தினத்தின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பனிநாட்டில் பூவுக்கு எங்கே போவது? மாஸ்டர் தன் தகப்பனின் படத்தில் கிடந்த சந்தன மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து இந்தப் படத்துக்குப் போட்டார். அந்த நாட்டு வழக்கப்படி யன்னலில் ஒரு விளக்கு வைப்பார்கள், தமிழ் வழக்கப்படி படத்துக்கு ஒரு விளக்கு வைப்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, படத்தை முன்யன்னலில் தெருவைப் பார்க்க வைத்து, அதற்குமுன் குத்துவிளக்கை ஏற்றினார்கள். பரிமளம் அக்கா ஈரத்துணியால் தவமலரின் பொட்டைத் துடைத்தாள். துடைக்கும்போது பரிமளம் அக்காதான் அழுதாள். தவமலருக்கு அழுகை வரவில்லை, நித்திரை வந்தது. ஏழு வருஷத்து நித்திரையும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணை இழுக்க, உடுப்புக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்து, கல்லுப்போலக் கிடந்து தூங்கினாள்.

காலையில் ஒட்வார் கதவைத் தட்டித்தான் அவள் எழும்பினாள். ஒன்பது மணியிருக்கும், வெளியே சாம்பல் வெளிச்சம். தொப்பி இல்லாமல் ஓடி வந்திருந்த அந்தக் கிழமனிதருக்கு மூச்சு வாங்கியது.

"தடம்" என்றார். "கீழ்வரைக்கும் தடம் இருக்கிறது, தவா."

அவள் செருப்போடு மலைக்கு ஓடினாள். முன்னிரவில் பெய்து விட்ட புதுப்பனியில், கடைசிப் பூர்ச்சமரக் குச்சியிலிருந்து இரண்டு கோடுகள், ஒரு நெளிவு சுழிவு இல்லாமல், இருநூறு மீற்றரையும் ஒரே மூச்சில் வந்து, குடிலுக்குக் கிட்ட அவர் எப்போதும் திருப்பி நிறுத்துகிற மாதிரி இடப்பக்கம் வளைந்து நின்றிருந்தன. ஸ்கி இரண்டும் பனி தட்டப்பட்டு, தாங்கியில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சப்பாத்து அடிகள் குடிலின் கதவுக்குப் போயிருந்தன. கதவு பூட்டு. அடிகள் குடிலை ஒரு தரம் சுற்றி வந்து, கையெழுத்து வாங்குகிற சின்ன யன்னலடியில் கொஞ்சம் நின்று, பிறகு தெருப்பக்கம் போயிருந்தன.

"ஒரு ஆளை விட்டிருக்கலாம். ஒரே ஒரு ஆளை" என்று ஒட்வார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தவமலருக்கு அது காதில் ஏறவில்லை. வந்துவிட்டார், மனுசன் வந்துவிட்டார் என்றுதான் அவளுக்கு ஓடியது. பூட்டின குடிலைக் கண்ட மனிதர் வேறெங்கே போவார்? வீட்டுக்குத்தான் போயிருப்பார். தான் இங்கே ஓடி வர, அவர் அங்கே குசினியில் குந்திக்கொண்டு, என்னப்பா ஒருத்தரையும் காணேல்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வழுக்கி விழுந்து எழும்பி, வந்த வழியே ஓடினாள்.

வீட்டு முற்றத்தில் தர்சினி நின்றாள். அவள் கீழே பனியைக் காட்டிக் கையை நீட்டினாள்.

படலையிலிருந்து சப்பாத்து அடிகள் நேராக வந்திருந்தன. கதவுக்கு வரவில்லை, முன்யன்னலுக்கு வந்திருந்தன. யன்னலுக்குக் கீழே இரண்டு அடிகள் பக்கத்துப் பக்கத்தில், மற்ற எல்லா அடிகளையும்விட ஆழமாக, ஒருவர் நெடுநேரம் அசையாமல் நின்ற இடமாகப் பதிந்திருந்தன. யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், ஓர் ஆளின் மூக்கு வருகிற உயரத்தில், மூச்சுப் பட்டு உறைந்த வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. அதற்கு நேரே உள்ளே, சந்தன மாலையோடு படம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. குத்துவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து அடிகள் திரும்பிப் படலையால் வெளியேறி, தெருவில் முடிந்தன. பனி வாருகிற வண்டி ஆறு மணிக்கே வந்து தெருவை இரண்டு பக்கமும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அவர் துறைமுகப் பக்கம் போனாரா, பஸ் போகும் பக்கம் போனாரா என்று கேட்பதற்கு ஒரு சுவடும் இல்லை.

தவமலர் வாசல்படிகளைப் பார்த்தாள். மூன்று படியிலும் புதுப்பனியில் ஒட்வாரும் தானும் பிள்ளையும் மிதித்த அடிகள்தான் கிடந்தன. அவர் படியேறவில்லை, மணியை அடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குணரத்தினம் எப்போதும் அப்படித்தான். செத்தவீட்டில் அழுது களைத்துப் படுத்திருக்கிறவர்களை எழுப்ப அவருக்கு மனம் வந்திராது.